14 டிகிரி ஏரியில் 750 மீட்டர்: சிங்கப்பூரிலிருந்து செல்பவர் எப்படித் தயாராவது?

பாசிர்ரிஸ் வாசி | செப்டம்பர் 12, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் நடுப்பகுதியில் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஓர் ஏரிக்கரையில் நடைபெறும் ஸ்பிரின்ட் டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வழக்கமான தொலைவுதான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். இதே தொலைவை ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் மூன்று முறை முடித்திருப்பதால், பணம் கட்டும்போது எனக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை.

ஆனால் ஏற்பாட்டாளர்களிடமிருந்து நேற்று வந்த மின்னஞ்சலில், ஏரி நீர் 13 முதல் 15 டிகிரி வரையிலும் காலை நேரக் காற்று 7 அல்லது 8 டிகிரியிலும் இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். நம் கடல்நீர் 29 டிகிரி. வீட்டில் குளிர்சாதனத்தை 23க்குக் கீழே இறக்கினாலே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. வெட்சூட் (உடலோடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை) அணிந்தால் போதுமா, அல்லது இங்கிருந்தபடியே உடலைப் பழக்க வழி உண்டா? நீரிலிருந்து நனைந்து வந்த பிறகு மிதிவண்டியில் எதை அணிவது? ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனோ என்ற கலக்கத்தில் கேட்கிறேன்.

ஆறாம் தடம் | செப்டம்பர் 12, இரவு 11.15

காலை விட்டாயிற்று, இனி ஆழத்தைத் தெரிந்துகொள்வோம்.

நான் ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தபோது அங்குள்ள ஏரிகளில் நீந்தப் பழகியவன். முதல் நாள் எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். இடுப்பளவு நீர்வரை நடந்து, சிங்கப்பூர் நீச்சல் குளத்தில் செய்வதுபோல் முகத்தை அமிழ்த்திக் கையை வீசினேன். நான் விரும்பாமலேயே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. அது பாதி காற்று, பாதி நீர். அதன் பிறகு மூச்சு நாய்க்கு இளைப்பதுபோல் இளைத்ததே தவிர, வெளியே விட முடியவில்லை. எட்டுக் கை வீச்சுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டேன். அன்றைய நீர் 13 டிகிரி.

குளிர்நீர் அதிர்ச்சி என்பது இதுதான். தோல் திடீரெனக் குளிரும்போது மூச்சும் இதயத் துடிப்பும் நம் கட்டுப்பாட்டை மீறி எகிறுகின்றன. முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், பனிநீரில் விழுந்தவர்களுக்காக 1-10-1 என்று ஒரு கணக்கைச் சொல்வார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் உருப்படியாக இயங்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்புவதற்கு முன் 1 மணி நேரம். 14 டிகிரி நீரில், அதுவும் வெட்சூட் அணிந்தவருக்கு, இவ்வளவு கடுமை கிடையாது. இருந்தாலும் வரிசை மாறாது. முதலில் மூச்சு, அடுத்து விரல்கள், உடல் சூடு கடைசியில்தான். புதியவர்கள் மூன்றாவதை நினைத்துப் பயந்து, முதல் இரண்டையும் கோட்டை விடுகிறார்கள்.

ஆகவே உங்கள் பயிற்சி 750 மீட்டருக்கு அல்ல, முதல் 100 மீட்டருக்கு. போட்டி தொடங்கப் பத்து நிமிடத்துக்கு முன் நீரில் இறங்க அனுமதித்தால் கட்டாயம் இறங்குங்கள். கழுத்துப் பட்டையை இழுத்துக் கொஞ்சம் நீரை வெட்சூட்டுக்குள் விடுங்கள்; முதுகுத்தண்டு வழியாக அது இறங்கும்போது கெட்ட வார்த்தை வந்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். முகத்தில் நீரை வாரி அடித்துக்கொண்டு, நீருக்குள் குமிழி விட்டு மூச்சை நீளமாக வெளியேற்றுங்கள். அது சீரான பிறகே நீந்தத் தொடங்க வேண்டும்.

சங்கிலி எண்ணெய் | செப்டம்பர் 13, காலை 6.50

ஆறாம் தடம் அண்ணன் சொன்னதில் பிழையில்லை என்றாலும், நீச்சல்காரர்களுக்கு எல்லாமே நீரில்தான் நடக்கிறது என்ற எண்ணம் உண்டு. 750 மீட்டர் நீச்சல் பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மிதிவண்டியில் முக்கால் மணி நேரம் இருக்க வேண்டும். நனைந்த உடலோடு, காற்றுக்கு எதிராக, கையை அசைக்காமல் பிடித்தபடி.

8 டிகிரிக் காற்றில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றுக் குளிர்ச்சிக் கணக்குப்படி தோலுக்கு அது 4 டிகிரி போலத்தான் இருக்கும். அது உலர்ந்த தோலுக்கான கணக்கு. நான் ஒரு முறை ஜப்பானில் வசந்த காலத்து டூயத்லான் (ஓட்டமும் மிதிவண்டியும் மட்டும்) ஒன்றில், காலையில் தூறல் போட்டபோது, மெல்லிய கையில்லாச் சட்டையோடு போனேன். பத்தாவது கிலோமீட்டரில் கியர் மாற்ற விரலுக்கு வலுவில்லை. உள்ளங்கையால் இடித்து மாற்றினேன். பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது என்று தெரிந்தபிறகு இறக்கங்களில் எல்லாம் நடுங்கிக்கொண்டே ஊர்ந்தேன். அன்று இழந்த நேரம் சட்டை மாட்டுவதற்குத் தேவைப்பட்டதைப்போல நான்கு மடங்கு.

எனவே நீச்சலிலிருந்து மிதிவண்டிக்கு மாறும் டிரான்சிஷன் பகுதியில் நிதானமாக நின்று ஒரு காற்றுத் தடுப்பு மேலாடையை அணியுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: நனைந்த கையில் இறுக்கமான கைச்சட்டையை ஏற்றுவது நடக்காத காரியம். முழுதாகத் திறக்கும் ஜிப் உள்ள, கொஞ்சம் தளர்வான ஆடைதான் வேண்டும். போட்டி எண் பட்டையை அதற்கு மேலே கட்டவேண்டும். கையுறையின் உள்ளே முன்தினமே முகப்பவுடர் தூவி வைத்தால் ஈர விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

பாசிர்ரிஸ் வாசி | செப்டம்பர் 13, இரவு 8.05

இருவருக்கும் நன்றி. மூச்சை விடப் பழகுவதற்கு இங்கே குளிர்நீருக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவதே 28 டிகிரி. ஐஸ்கட்டி வாங்கித் தொட்டியில் கொட்டி உட்காருபவர்களின் காணொளிகளை நிறையப் பார்க்கிறேன். அது உண்மையில் பயன்படுமா, அல்லது வெறும் வேடிக்கையா?

சங்கிலி எண்ணெய் | செப்டம்பர் 13, இரவு 8.30

என்னைக் கேட்டால் வேடிக்கைதான். மூன்று நிமிடம் தொட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏரி பழகிவிடுமா? இரண்டு நாள் முன்னதாக அங்கே போய் ஏரியிலேயே இறங்குங்கள்.

வெள்ளைக் காலணி | செப்டம்பர் 14, பிற்பகல் 2.20

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் தாதி. இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்து எழுதுகிறேன். சங்கிலி எண்ணெய் தம்பி கூறுவதை இந்த ஓர் இடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக் டிப்டனும் அவரது குழுவினரும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார்கள். இரண்டு மூன்று நிமிடம் நீடிக்கும் ஐந்தாறு குளிர்நீர் அமிழ்தல்களிலேயே அந்த மூச்சிளைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, அந்தப் பழக்கத்தின் பலன் பல மாதங்கள் நிற்கிறது என்பதே அவர்கள் கண்டது. உடல் குளிரைத் தாங்கப் பழகுவதில்லை. அதிர்ச்சி மட்டும்தான் பழகுகிறது. நமக்கு வேண்டியதும் அது மட்டும்தானே. இதற்கு நீர் உறைநிலைக்கு அருகே இருக்கத் தேவையில்லை. 14, 15 டிகிரி போதும்.

ஆனால் தனியாக ஒருபோதும் செய்யக்கூடாது. குளிர்நீரில் தோல் பட்டதும் இதயத்தை வேகமாக ஓட்டு என்று ஒரு கட்டளை போகிறது. முகம் அமிழ்ந்து மூச்சை அடக்கியதும் இதயத்தை மெதுவாக்கு என்று எதிர்க்கட்டளை போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் மோதினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம் என்று டிப்டனும் மைக்கேல் ஷாட்டாக்கும் 2012இல் எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாமலேயே கடந்துபோய்விடும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அப்படியல்ல. உங்களுக்கு ரத்த அழுத்தமோ, குடும்பத்தில் இளவயது மாரடைப்போ இருந்தால், ஐஸ்கட்டிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

ராணுவத்தில் தேசிய சேவையின்போது நெடுநடைப் பயிற்சி முடிந்ததும் குளிர்நீர்த் தொட்டியில் முழங்கைவரை கையை வைத்து உட்கார்ந்தது நினைவிருக்கும். முன்கை வழியாக உடல் சூடு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று அன்றைக்கு மகிழ்ந்தீர்கள். ஏரியில் வெட்சூட் மறைக்காத பகுதி மணிக்கட்டுக்குக் கீழே உங்கள் கையும், முகமும் பாதமும்தான். அதே வேலை அங்கே உங்களுக்கு எதிராக நடக்கும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

இன்னொன்று. நீந்தும்போது நெஞ்சு இறுகி, நிற்காத இருமலும் இளஞ்சிவப்பு நுரையும் வந்தால் அது களைப்பு அல்ல, நுரையீரலில் நீர் கோப்பது. குளிர்நீரும் இறுக்கமான வெட்சூட்டும் அதற்குத் துணைபோகும். உடனே கையை உயர்த்தி உதவிப் படகை அழையுங்கள். பணம் கட்டிவிட்டோமே என்று தொடர்ந்து நீந்தாதீர்கள்.

ஆறாம் தடம் | செப்டம்பர் 14, இரவு 10.00

அக்கா சொன்னதற்குமேல் ஐஸ்கட்டி விவகாரத்தில் பேச ஒன்றுமில்லை. வெட்சூட்டைப் பற்றிச் சில விவரங்கள்.

உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளில், வயதுப் பிரிவினருக்கு (நம்மைப் போன்ற தொழில்முறை அல்லாதவர்களுக்கு) 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், நீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் கூடாது, 16க்குக் கீழ் இறங்கினால் அது கட்டாயம். தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. முகம், கைகள், பாதங்கள் தவிர எந்தப் பகுதியையும் அது மறைக்கலாம். நியோபிரீன் காலுறையை அனுமதிப்பார்களா என்பதை உங்கள் போட்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 22 டிகிரி வரம்பு இருப்பதால்தான் சிங்கப்பூரில் போட்டியிடும் நம்மில் பலர் வெட்சூட்டைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

முதல் முறை அணிவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாதத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை விட்டால் வழுக்கிப் போகும். விரல் நகத்தால் இழுக்காதீர்கள், ரப்பர் பிறைவடிவில் கிழியும். உள்ளங்கைச் சதையால் பிடித்து மேலே தள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே இடைவெளி இல்லாமல் ஏற்றியபிறகே தோளுக்குப் போகவேண்டும். அங்கே துணி போதவில்லை என்றால் கை வீசும் ஒவ்வொரு முறையும் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும், குளிர்நீரில் அந்த உணர்வே பீதியைக் கிளப்பிவிடும். கழுத்தின் பின்புறம் உராய்வுக் களிம்பு பூச மறந்தவர்களை அடுத்த நாள் அலுவலகத்தில் எளிதாக அடையாளம் காணலாம்.

இரண்டு நீச்சல் தொப்பிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணியுங்கள். காதடைப்பான் அவசியம், குளிர்நீர் காதுக்குள் புகுந்தால் தலை சுற்றும். எழுந்து நின்று ஓடும் நேரத்தில் அது வேண்டாத வேலை.

கடைசியாக, நியூசிலாந்துக்குள் நுழையும்போது பயன்படுத்திய விளையாட்டுப் பொருள்களை அறிவிக்க வேண்டும். சக்கரத்திலும் காலணியிலும் ஒரு துளி மண்கூட இருக்கக்கூடாது, வெட்சூட் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். டிடிமோ என்ற நன்னீர்ப் பாசி 2004இல் தெற்குத் தீவின் ஆறு ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து நீர்நிலைகளுக்குள் போகும் எதையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை.

பாசிர்ரிஸ் வாசி | அக்டோபர் 19, இரவு 9.10

ஐந்து வாரமாக அமைதியாக இருந்ததற்கு மன்னிக்கவும். மருத்துவரைப் பார்த்து ஒப்புதல் பெற்றேன். பிறகு, மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது வாங்கிய காற்றடைத்த குளத்தைச் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் இடத்தில் விரித்தேன். வீவக அடுக்குமாடி வீட்டில் வேறெங்கும் அது அடங்காது. 150 லிட்டர் நீரை 29இலிருந்து 15க்கு இறக்கக் கணக்குப்படி 22 கிலோ ஐஸ்கட்டி போதும். நம் வெக்கையில் 30 கிலோ தேவைப்பட்டது. மின்தூக்கியில் மூன்று மூட்டை ஐஸோடு என்னைப் பார்த்த பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா), வீட்டில் விருந்தா என்று கேட்டார். மகளுடைய பழைய வாத்து வெப்பமானியை மிதக்க விட்டு, அது 15ஐக் காட்டியதும் இறங்கினேன். மனைவி கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தபடி அருகிலேயே நின்றார்.

முதல் நாள் ஆறாம் தடம் அண்ணன் எழுதியது அத்தனையும் நடந்தது. ஒன்று முதல் பத்துவரை எண்ணச் சொன்னார் மனைவி. நான்கைத் தாண்ட முடியவில்லை. நான்காவது முறை, குளத்தில் உட்கார்ந்தபடியே நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மொத்தம் ஆறு முறை செய்தேன்.

கூடவே இன்னொன்றையும் செய்தேன். கைகளை ஐஸ் வாளியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, தலைக்கவசத்தின் கொக்கியை மாட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தாடைத் தோலையும் சேர்த்துக் கொக்கிக்குள் நசுக்கிக்கொண்டேன். கொக்கி மாட்டாமல் மிதிவண்டியைத் தொட்டால் தண்டனை என்பதால் இதைத் தினமும் பத்து முறை பழகுகிறேன்.

சங்கிலி எண்ணெய் | அக்டோபர் 19, இரவு 9.45

வேடிக்கை என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கொக்கிப் பயிற்சி எனக்கும் தோன்றாத ஒன்று. கொக்கியின் இரு பக்கமும் சிறிய ஒட்டுத்துணி நாடா ஒட்டிப் பாருங்கள், மரத்த விரலுக்குப் பிடி கிடைக்கும். காலணிக்கு எலாஸ்டிக் கயிறு போடுங்கள், முடிச்சு வேண்டாம்.

பாசிர்ரிஸ் வாசி | நவம்பர் 23, இரவு 8.30

சென்ற வாரம் போட்டி முடிந்தது. கடன்பட்டவன்போல விவரமாக எழுதுகிறேன்.

தொடக்கம் உள்ளூர் நேரம் காலை 7.30, சிங்கப்பூரில் அப்போது பின்னிரவு 2.30. காற்று 7 டிகிரி, நீர் 14. வாடகைக்கு எடுத்த வெட்சூட்டில் ஒரு வம்பு: இணையத்தில் கொடுத்த அளவுக்குப் பதில் ஓர் அளவு பெரியதை அந்தக் கடையில் எடுத்து வைத்திருந்தார்கள். முன்தினம் ஏரியில் இறங்கிப் பார்த்தபோது முதுகில் நீர் தேங்கிக் குளம்போல் ஆடியது. மாலை கடை மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிப்போய் மாற்றினேன். அங்கே இரண்டு நாள் முன்னதாகவே போகச் சொன்ன சங்கிலி எண்ணெய் அவர்களுக்கு இதற்காகவே நன்றி.

நீச்சல் 17 நிமிடம் 40 வினாடி. இறங்கியதும் மூச்சு ஒரு முறை தூக்கிப் போட்டது. பல் நெருக்கும் குளிர் நெற்றியில் ஏறியது. குமிழி விட்டேன், முப்பது எண்ணினேன், அடங்கியது. எனக்கு இடப்பக்கம் ஒருவர் பத்து மீட்டரிலேயே மல்லாந்து துடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பாவம், அவருடைய கண்ணில் தெரிந்தது நான் முதல் ஐஸ் தொட்டியில் பார்த்ததுதான்.

டிரான்சிஷன் 6 நிமிடம் 5 வினாடி. ஆம், ஆறு நிமிடம். வெட்சூட் கணுக்காலில் மாட்டிக்கொண்டது, உட்கார்ந்து இழுத்தேன். கொக்கி மூன்றாவது முயற்சியில் மாட்டியது. பவுடர் போட்ட கையுறை ஒரே இழுப்பில் ஏறியபோது உரக்கச் சிரித்துவிட்டேன். பக்கத்து வரிசைக்காரர் எதுவும் அணியாமல் பறந்து போனார். அவரைப் பதினான்காவது கிலோமீட்டரில், இரு கைகளையும் மாறி மாறி அக்குளில் வைத்துக்கொண்டு ஓட்டும் நிலையில் கடந்தேன். மிதிவண்டி 43.30.

ஓட்டத்துக்கு இறங்கியபோது பாதம் இரண்டும் மரக்கட்டை. தரையில் படும் ஓசை கேட்கிறதே தவிர உணர்வு வரவில்லை. இரண்டாவது கிலோமீட்டரில் சுண்டுவிரலில் ஊசி குத்தத் தொடங்கி, மூன்றாவதில்தான் அது என்னுடைய கால் ஆயிற்று. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலணிக்குள் கல் சிக்கிவிட்டது என்று நினைத்து ஒரு முறை நின்று உதறினேன். ஓட்டம் 28.20, இடையில் இரண்டாவது மாற்றம் 1.50, மொத்தம் 1 மணி 37 நிமிடம் 25 வினாடி. ஈஸ்ட் கோஸ்டில் எடுத்ததைவிட ஒன்பது நிமிடம் அதிகம், அதில் பாதி டிரான்சிஷனில் போனது.

வெள்ளைக் காலணி | நவம்பர் 23, இரவு 10.50

வாழ்த்துகள். முடித்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதை எழுதவில்லையே. நீரை விட்டு வந்த பின்னரும் உடலின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் கேட்கிறேன்.

பாசிர்ரிஸ் வாசி | நவம்பர் 24, காலை 7.15

அக்கா, ஈரத்தை உடனே களைந்து, கம்பளித் தொப்பியும் இரண்டு சட்டைகளும் போட்டு, சுடச்சுட மைலோ குடித்தேன். இங்கிருந்து பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். இருந்தும் அரை மணி நேரம் கழித்துத்தான் உடல் வெடவெடக்கத் தொடங்கியது. கோப்பையை மனைவி பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அவர் என்னிடம் எங்கள் வீட்டு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் மூன்று முறை கேட்டார்.

இன்னொரு செய்தி. அந்தக் கடையில் பழைய வெட்சூட்களைக் கழிவு விலையில் விற்றார்கள். ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். என் உயரம் 172 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. இதையொட்டிய அளவுள்ளவர்கள் யாரேனும் குளிர்நாட்டுப் போட்டிக்குப் போவதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், இலவசமாகத் தருகிறேன். துணி காயப்போடும் மூங்கிலில் நான்கு நாளாகத் தொங்குகிறது. இங்குள்ள ஈரக்காற்றில் முழங்கால் பகுதி இன்னும் காயவில்லை.

சங்கிலி எண்ணெய் | நவம்பர் 24, காலை 7.40

உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் போடுங்கள். 170, 66. மார்ச்சில் எனக்கு வேண்டும்.